கடைசி பெஞ்சுத் தீர்க்கதரிசிகள்

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஒரு நாள் ஏசாயா பாடம் நடத்தப் போனார். போன இடத்தில் பந்தி முடிந்திருந்தது. சாப்பாட்டுப் பந்தி இல்லை. எருசலேமின் ஆசாரியர்களும், ஏசாயாவின் தொழில்முறைச் சகாக்களான மற்ற தீர்க்கதரிசிகளும் மூக்கு முட்டக் குடித்து, கை வைக்க இடமில்லாமல் மேஜை பூராவும் வாந்தியெடுத்து வைத்திருந்தார்கள். நாட்டின் படித்த கூட்டமே அவ்வளவுதான். ஏசாயா வாயைத் திறந்ததும் ஒரு குரல் கிளம்பியது. "வந்துட்டாருடா எல்கேஜி வாத்தியார்! நமக்கே அரிச்சுவடி சொல்லித் தரப்போறாராம்!"

அப்புறம் மிமிக்ரி. எபிரேய நெடுங்கணக்கில் 'சாதே', 'கோஃப்' என்று அடுத்தடுத்து இரண்டு எழுத்துகள் உண்டு. அவற்றில் தொடங்கும் இரண்டு குட்டிச் சொற்களை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் ஒப்பிக்கிற ராகத்தில், ஏசாயா மாதிரியே இழுத்து இழுத்துப் பாடிக் காட்டினார்கள். அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று பண்டிதர்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள். கட்டளை, அளவுநூல் என்று பொருள் சொல்கிறவர்கள் உண்டு. வெறும் அரிச்சுவடிதான் என்பவர்கள் உண்டு. குடிகாரன் உளறலுக்கு எதற்கய்யா அகராதி என்பவர்களும் உண்டு. நான் மூன்றாவது கட்சி.

ஏசாயா அசரவில்லை. என் அரிச்சுவடி பிடிக்கவில்லையா, நல்லது, உங்களுக்கு வேறு வாத்தியார் ஏற்பாடாகியிருக்கிறது, அவருக்கு எபிரேயம் வராது, அவர் பாஷையில்தான் நடத்துவார் என்று சொல்லிவிட்டுப் போனார். கி.மு. 701இல் வாத்தியார் வந்து சேர்ந்தார். பெயர் சனகெரிப், ஊர் அசீரியா, உத்தியோகம் ராஜா. யூதாவின் அரணான 46 ஊர்களைப் பிடித்ததாக அவரே ஒரு களிமண் பட்டகத்தில் வருகைப் பதிவேடு மாதிரி எழுதிவைத்திருக்கிறார்.

சரி, மப்பில் இருந்தவர்களை மடக்கிய ஏசாயா நெஞ்சை நிமிர்த்தி நடந்திருப்பார் என்றுதானே நினைக்கிறோம்? சனகெரிப் வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே அவரை நடக்கவைத்தாயிற்று. அசீரியப் படை அஸ்தோத் நகரத்தைப் பிடித்த சமயம், மூன்று வருஷம், துணியில்லாமல், செருப்பில்லாமல். எகிப்தை நம்பினால் இந்தக் கோலத்தில்தான் சிறைபோக வேண்டிவரும் என்று ஊருக்குப் புரியவைக்க, கர்த்தர் போட்ட ஏற்பாடு அது. பி.எட். படிப்பவர்கள் கற்றல் கற்பித்தல் உபகரணம் என்று சார்ட் பேப்பர், தெர்மோகோல் எல்லாம் வாங்கி அலைகிறார்களே, ஏசாயாவுக்கு அந்தச் செலவில்லை. உபகரணமே அவர்தான்.

என் சந்தேகமெல்லாம், இதையெல்லாம் யார் எழுதிவைத்தார்கள் என்பதில்தான். ஏசாயா தன் போதனையை முத்திரையிட்டுச் சீஷர்களிடம் ஒப்படைத்த கதை அவர் புத்தகத்திலேயே வருகிறது. வழக்கமாகச் சிஷ்யகோடிகள் என்ன செய்வார்கள்? குரு நீர்மேல் நடந்ததை எழுதுவார்கள், வழுக்கி விழுந்ததை விட்டுவிடுவார்கள். இந்த எபிரேயச் சிஷ்யர்களோ விழுந்ததை முதலில் எழுதினார்கள். எந்தக் காலில் விழுந்தார், பக்கத்தில் யார் சிரித்தார் என்பதுவரை.

எலியா கதையைப் பாருங்கள். கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு. இஸ்ரவேலில் ஆகாப் ராஜா, யேசபேல் ராணி, வருஷக்கணக்கில் மழையில்லை. கர்மேல் மலைமேல் எலியா தன்னந்தனியாக நிற்கிறார், எதிரே பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர். யாருடைய சாமி வானத்திலிருந்து நெருப்பு அனுப்புகிறதோ அதுவே சாமி. காலையிலிருந்து மத்தியானம்வரை பாகால் கட்சி கூப்பிட்டுப் பார்த்தும் மேலிருந்து ஒரு பொறி விழவில்லை. எலியாவுக்குக் குஷி தாங்கவில்லை. சத்தமாகக் கூப்பிடுங்கப்பா, உங்காளு வெளியூர் போயிருப்பார், தூங்கிக்கொண்டிருப்பார், ஒருவேளை கொல்லைப்பக்கம் ஒதுங்கியிருப்பார் என்று வெறுப்பேற்றினார். கடைசியாகச் சொன்னது என் கற்பனை இல்லை. அங்கே வரும் ஓர் எபிரேயச் சொல்லுக்கு அதுதான் பொருள் என்று பலர் படிக்கிறார்கள். பிறகு தன் பலிபீடத்தின்மேல் நான்கு குடம் தண்ணீரை மூன்று தடவை ஊற்றச் சொன்னார். பஞ்ச காலத்தில் பன்னிரண்டு குடம்! நெருப்பு வந்தது, தண்ணீரையும் சேர்த்து நக்கிவிட்டுப் போனது. தோற்றவர்களைக் கீசோன் ஓடைக்குக் கொண்டுபோய் வெட்டியது அடுத்து வருகிறது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

யேசபேலிடமிருந்து சேதி வந்தது. நாளைக்கு இந்நேரம் உன் கதையும் அந்த 450 பேர் கதைதான் என்று. நேற்று சாமிக்கே சவால் விட்டவர் இன்று பெயெர்செபாவரை ஓடி, அதையும் தாண்டி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் சாமி, என்னை எடுத்துக்கொள் என்று படுத்துவிட்டார். இந்த இடத்தில் கர்த்தர் நடந்துகொண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். போதனை கிடையாது, கண்டிப்பு கிடையாது. தூதன் ஒருவன் வந்து தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அடையும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டார், தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. அழுகிற பிள்ளைக்கு முதலில் பசிக்கிறதா என்று பார்க்கிற அம்மாவின் முறைதான்.

நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்தார். குகையில் கேள்வி வந்தது. இங்கே உனக்கு என்ன வேலை? எலியா தயாராக வைத்திருந்த புலம்பலை ஒப்பித்தார். உமக்காக எவ்வளவோ செய்தேன், ஜனங்கள் உம்மை விட்டுவிட்டார்கள், தீர்க்கதரிசிகளைக் கொன்றுபோட்டார்கள், மிச்சம் நான் ஒருவன்தான், என்னையும் தேடுகிறார்கள். பெருங்காற்று அடித்தது, பூமி அதிர்ந்தது, நெருப்பு எரிந்தது. ஒன்றிலும் கர்த்தர் இல்லை. அப்புறம் மெல்லிய ஓர் அமைதி. அந்த அமைதியில் அதே கேள்வி இன்னொரு தடவை வந்தது. இங்கே உனக்கு என்ன வேலை?

பள்ளிக்கூடம் போன எவனுக்கும் தெரியும், வாத்தியார் அதே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் முதல் பதில் தப்பு. எலியாவுக்குத் தெரியவில்லை. அதே பதிலைச் சொல் மாறாமல் மறுபடி ஒப்பித்தார். எபிரேயத்திலும் இரண்டும் ஒன்றே; சிஷ்யப்பிள்ளைகள் சுருக்காமல் இரண்டு தடவையும் முழுசாக எழுதிவைத்திருக்கிறார்கள், படுபாவிகள்.

'நான் ஒருவன்தான்' என்பது எவ்வளவு பெரிய புளுகு என்பதற்குச் சாட்சியையும் ஓர் அத்தியாயம் முன்னாலேயே நிறுத்தியிருக்கிறார்கள். ஆகாபின் அரண்மனை அதிகாரி ஒபதியா நூறு தீர்க்கதரிசிகளைக் குகைக்கு ஐம்பது பேராக ஒளித்துவைத்து, சாப்பாடும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றியிருந்தார். அதை எலியாவின் முகத்துக்கு நேரே சொல்லியும் இருந்தார். அந்த நூறு பேரும் எலியாவின் கணக்கில் ஏறவேயில்லை. கர்த்தரின் பதில் நிர்வாகத்தனமானது. பாகாலை வணங்காதவர்கள் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள், கவலை வேண்டாம். போய் சீரியாவுக்கு ஆசகேலையும் இஸ்ரவேலுக்கு யெகூவையும் ராஜாவாக்கு. அப்படியே உன் வேலைக்கு எலிசாவை எடுத்துக்கொள். அழவந்த ஊழியரிடம் வாரிசைத் தேடச் சொல்லி அனுப்பிவிட்டார்! எலியா அதில் ஒன்றைத்தான் தன் கையால் செய்தார். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசாமேல் சால்வையைத் தூக்கிப் போட்டார். மற்ற இரண்டும் எலிசா தலையில் விழுந்தன. அதிலும் யெகூவுக்கு எண்ணெய் ஊற்றும் வேலையை எலிசா தன் சிஷ்யன் ஒருவனிடம் தள்ளிவிட்டார்.

எலிசா ஒரு விடுதியே நடத்தினார் எனலாம். தமிழ் வேதாகமம் அந்தப் பையன்களைத் தீர்க்கதரிசிகளின் புத்திரர் என்கிறது. இடம் பற்றவில்லை என்று மரம் வெட்டப் போனார்கள், இரவல் கோடரி யோர்தானில் விழுந்தது, எலிசா இரும்பை மிதக்கவிட்டார். இன்னொரு நாள் சமையலில் எவனோ பேர் தெரியாத காட்டுக் காயை அரிந்து போட்டு, மெஸ் மொத்தமும் செத்தோம் என்று கத்தியது. அதையும் ஒரு பிடி மாவு போட்டுச் சரிசெய்தார். நல்ல வார்டன்தான். ஆனால் தலை விஷயத்தை மட்டும் தொடக்கூடாது. பெத்தேலுக்குப் போகும் வழியில் பொடியன்கள் சிலர் மொட்டை மொட்டை என்று கத்தினார்கள். திரும்பிப் பார்த்துச் சபித்தார். காட்டிலிருந்து இரண்டு பெண்கரடிகள் வந்து 42 பிள்ளைகளைக் கிழித்தன.

இதற்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. அதை யூத ரபிகளிடம் விட்டுவிடுகிறேன். அவர்களின் விவாதத் தொகுப்பான தல்மூதில் இதைப் பற்றிப் பேசும்போது, அங்கே காடும் இல்லை கரடியும் இல்லை, எல்லாம் அற்புதத்தில் திடீரென்று வந்தவை என்று ஒருவர் சொல்கிறார். அது இன்றைய எபிரேயத்தில் பேச்சுவழக்காகிவிட்டது. எவனாவது அளந்துவிட்டால் 'கரடியுமில்லை காடுமில்லை' என்பார்கள். சுத்தப் புரட்டு என்று அர்த்தம். அதோடு ரபிகள் விடவில்லை. எலிசாவுக்கு மூன்று நோய் வந்தது, ஒன்று கரடியை ஏவியதற்காக, ஒன்று தன் வேலைக்காரன் கேயாசியை இரண்டு கையாலும் தள்ளியதற்காக, மூன்றாவதில் செத்தார் என்று மருத்துவச் சான்றிதழே எழுதிவிட்டார்கள். மாணவனை இடக்கையால் தள்ளினால் வலக்கையால் இழுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

கேயாசி யார்? அதற்கு நாகமானைப் பார்க்கவேண்டும். சீரியப் படையின் தளபதி, மார்பு நிறைய விருது, உடம்பில் தோல்வியாதி. வீட்டு வேலைக்குப் பிடித்துவந்திருந்த ஓர் இஸ்ரவேல் சிறுமி, எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார், அவரிடம் போனா சரியாயிடும் என்றாள். பேர்கூட யாரும் கேட்டு எழுதிவைக்காத பெண். அவள் சொன்னதை நம்பித் தளபதி கிளம்பினார். கையில் பத்துத் தாலந்து வெள்ளி, இன்றைய கணக்கில் சுமாராக 300 கிலோவுக்கு மேல். ஆறாயிரம் பொன், பத்து ஜோடி உடுப்பு. கூடவே இஸ்ரவேல் ராஜாவுக்குச் சீரிய ராஜாவின் சிபாரிசுக் கடிதம். ராஜா அதைப் படித்துவிட்டு, சண்டைக்கு இழுக்கிறான் பாவி என்று சட்டையைக் கிழித்துக்கொண்டார். எலிசா ஆளனுப்பி, இங்கே அனுப்பு என்றார்.

தேர், குதிரை, பரிவாரத்தோடு நாகமான் எலிசா வீட்டு வாசலில் நின்றார். எலிசா வெளியே வரவே இல்லை. ஆள் ஒருவன் வந்து, யோர்தானில் ஏழு முழுக்குப் போடச் சொன்னார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். நாகமானுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அவர் மனசுக்குள் காட்சியை எழுதி வைத்திருந்தார்: மனுஷன் வெளியே வருவார், நிற்பார், சாமி பேரைச் சொல்லுவார், கையை ஆட்டுவார், வியாதி ஓடும். இங்கேயானால் குளிக்கச் சொல்கிறார்கள், அதுவும் இந்த ஓடையில். தமஸ்குவில் ஆப்னாவும் பர்பாரும் ஓடும்போது இது ஒரு ஆறா என்று வண்டியைத் திருப்பினார். அவரைத் தடுத்தது வேலைக்காரர்கள். தகப்பனே என்று கூப்பிட்டு, பெருசா ஏதாச்சும் செய்யச் சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்கல்ல, குளிக்கத்தானே சொன்னாங்க என்றார்கள். ஏழு முழுக்கு. சின்னப் பிள்ளையின் தோல் மாதிரி ஆகிவிட்டது. தளபதிக்கு வேலைக்காரச் சிறுமியும் வேலையாட்களும் வாத்தியார்கள்; தீர்க்கதரிசியின் பங்கு, வாசலுக்கு வராமல் இருந்ததுதான்.

எலிசா கட்டணம் வாங்கவில்லை. கேயாசிக்கு வயிறு எரிந்தது. பின்னாலேயே ஓடி, ஐயா, இப்பத்தான் மலைநாட்டிலேர்ந்து விடுதிக்குப் புதுசா ரெண்டு பசங்க வந்திருக்காங்க, ஒரு தாலந்தும் ரெண்டு ஜோடி துணியும் போதும் என்றான். ஏழை மாணவர் பேரில் உதவித்தொகை ஆட்டை போடுவது இவ்வளவு பழைய தொழில். நாகமான் இரண்டு தாலந்து கொடுத்தார். வீட்டில் எலிசா, எங்கே போயிருந்தே என்று கேட்டார். எங்கேயும் போகலையே என்றான். நாகமானின் வியாதி அவனுக்கும் அவன் சந்ததிக்கும் போனது. இங்கேதான் ரபிகள் சொல்கிற அந்த இரண்டு கைத் தள்ளல்.

அடுத்தவர் யோனா. அவருக்குத் தொழிலில் நல்ல பேர் இருந்தது. இஸ்ரவேலின் எல்லை விரியும் என்று சொல்லி, இரண்டாம் யெரொபெயாம் காலத்தில் அது பலித்தும் இருந்தது. நாடு பெரிதாகும் என்று சொல்கிற ஜோசியரை எந்த நாட்டுக்குத்தான் பிடிக்காது? அவரைப் போய், நினிவேக்குப் போ, அசீரியர்களை எச்சரி என்றார் கர்த்தர். யோனா நேர் எதிர்த் திசையில் தர்ஷீசுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தார். புயல். கப்பலில் இருந்த வேற்றுமதக்காரர்கள் ஆளுக்கொரு சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, ஒரே தீர்க்கதரிசி அடித்தளத்தில் குறட்டை விட்டார். கடலில் தூக்கிப் போட்டார்கள், மீன் விழுங்கியது, மூன்று நாள் உள்ளே இருந்து அழகாக ஒரு பாட்டுக் கட்டினார். பாட்டு முடிந்ததும் மீன் அவரைக் கரையில் வாந்தியெடுத்தது. பாட்டைக் கேட்டபிறகுதான் குமட்டியது என்று நான் சொல்லவில்லை, வரிசை அப்படி இருக்கிறது.

நினிவேயைக் கடக்க மூன்று நாள் நடக்கவேண்டும். யோனா ஒரு நாள் நடந்தார். பிரசங்கம் எபிரேயத்தில் மொத்தம் ஐந்தே சொல். நாற்பது நாளில் ஊர் காலி என்று சாரம். அழவில்லை, விளக்கவில்லை, மனம்திரும்பினால் பிழைக்கலாம் என்று மறந்தும் வாய்விடவில்லை. பின்னால் வந்த தீர்க்கதரிசி எரேமியா நாற்பது வருஷம் தொண்டை வறளக் கத்தியும் எருசலேம் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே ஐந்து சொல்லில் ராஜாவே சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தார். ஊரெல்லாம் உபவாசம். ஆடு மாட்டுக்கும் தீனி கிடையாது, அவற்றின் முதுகிலும் சாக்கு. கர்த்தர் மனமிரங்கி ஊரை விட்டுவிட்டார்.

இத்தனை வெற்றிகரமான வாத்தியார் வேதாகமத்தில் வேறு கிடையாது. வகுப்பு முழுக்கப் பாஸ். வாத்தியாரோ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றார். எனக்குத் தெரியும், நீர் இப்படி மன்னித்துத் தொலைப்பீர் என்று தெரிந்துதான் ஓடினேன், என்னைக் கொன்றுவிடும் என்றார். ஊர் அழிந்திருந்தால் சொன்னது பலித்த தீர்க்கதரிசி. ஊர் பிழைத்ததால் பொய்யன். கிழக்கே ஒரு குடிசை போட்டு, இன்னும் நெருப்பு விழுமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தலைக்கு மேல் ஒரு செடி ராத்திரியோடு ராத்திரியாக முளைத்தது. யோனா மகிழ்ந்தது மொத்தப் புத்தகத்தில் இந்த ஒரே இடத்தில்தான். தமிழ் வேதாகமத்தில் அது ஆமணக்கு. ஆமணக்கின் நிழலில் ஒண்டிப் பார்த்தவர்களுக்கு அவர் சந்தோஷம் எவ்வளவு மலிவானது என்று புரியும். செடியின் பேரே ஒரு காலத்தில் ரகளை கிளப்பியது. ஜெரோம் லத்தீனில் மொழிபெயர்த்தபோது, பழைய சுரைக்காயை எடுத்துவிட்டு ஐவிக்கொடி என்று போட்டார். ஆப்பிரிக்காவின் ஓயா நகரத்தில், இன்றைய திரிப்போலி, பிஷப் அதை வாசிக்கப்போக, சபையே எழுந்து கத்தியது. எங்க சுரைக்காய் எங்கே! ஊர் யூதர்களைக் கூப்பிட்டு விசாரித்து, பிஷப் பழையபடி திருத்தினால்தான் சபை மிஞ்சும் என்ற நிலை. ஆப்பிரிக்காவின் இன்னொரு பிஷப்பான அகஸ்டின் இதை ஜெரோமுக்கே கடிதமாக எழுதினார். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. வீம்பு பிடித்த ஒருவருக்குப் பாடம் புகட்ட வந்த செடிக்காக ஊரே வீம்பு பிடித்தது.

மறுநாள் விடியலில் ஒரு புழு வந்து செடியைக் கடித்தது. செடி காய்ந்தது, அனல்காற்று வீசியது, யோனா மறுபடி சாகவேண்டும் என்றார். நீ நடாத, தண்ணீர் ஊற்றாத செடிக்கு இவ்வளவு துக்கமென்றால், இடக்கை வலக்கை தெரியாத லட்சத்து இருபதினாயிரம் பேரும் இத்தனை ஆடுமாடும் உள்ள ஊருக்கு நான் துக்கப்படக்கூடாதா என்று கர்த்தர் கேட்டார். புத்தகம் அங்கேயே நின்றுவிடுகிறது. யோனா பதில் சொன்னாரா, எழுந்து வீட்டுக்குப் போனாரா, ஒன்றும் இல்லை. ஆண்டுக்கொரு முறை, யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாள் சாயங்காலம், பட்டினி வயிற்றோடு யூதர்கள் ஜெபஆலயத்தில் இதை முழுக்க வாசிக்கிறார்கள். இடக்கை வலக்கை தெரியாதவர்கள் என்று நினிவேயைச் சொன்னாரா, எலிசாவையா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வரும்.

சிஷ்யர்கள் குருமார்களை இப்படி எழுதினார்களே, அவர்களை யார் எழுதினார்கள்? எரேமியாவின் எழுத்தர் பாருக்கு இருக்கிறார். கி.மு. 605இல் எரேமியா சொல்லச் சொல்ல ஒரு சுருள் முழுக்க எழுதினார். எரேமியாவுக்கு ஆலயத்துக்குள் நுழையத் தடை, ஆகவே வாசிக்கும் வேலையும் பாருக்கு தலையில். அடுத்த வருஷம், ஆலயத்தில், சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில் நின்று வாசித்தார். அதிகாரிகள் பயந்துபோய்க் கூப்பிட்டு, இதையெல்லாம் எப்படி எழுதினாய் என்று கேட்டார்கள். அவர் சொன்னார், நான் மையால் எழுதினேன் என்று பாருக்கு பதில் சொன்னார். எபிரேய வேதாகமம் முழுக்க மை என்ற சொல் வருவது அந்த ஒரு பதிலில்தான். எழுத்தருக்குத் தன் மையைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தது, விடவில்லை.

சுருள் ராஜா யோயாக்கீமிடம் போனது. குளிர்காலம், முன்னால் கணப்புச் சட்டி. மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்க, ராஜா எழுத்தரின் கத்தியால் அதை அறுத்து அறுத்து நெருப்பில் போட்டார். கெமரியாவும் வேறு இருவரும் வேண்டாம் ராஜாவே என்றார்கள், கேட்கவில்லை. எரேமியா இன்னொரு சுருளை எடு என்றார். பாருக்கு முழுவதையும் மறுபடி எழுதினார். இந்த முறை இன்னும் நிறைய சேர்த்து.

பாருக்குக்கும் மனசு இருக்காதா? என் வேதனையே பெரிசு, இதில் துக்கம் வேறா, ஓய்வே இல்லை என்று முனகினார். அவருக்கென்று தனியாக, ஐந்தே வசனத்தில், ஒரு குட்டி அத்தியாயமாகப் பதில் வந்தது. நான் கட்டினதை நானே இடிக்கிறேன், இந்தச் சமயத்தில் நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயா? தேடாதே. உயிர் மிஞ்சும், அவ்வளவுதான். அதையும் பாருக்கே தன் கையால் எழுதிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

1980களின் தொடக்கத்தில் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதியில் தோண்டியபோது ஐம்பதுக்குச் சற்று மேல் களிமண் முத்திரைகள் கிடைத்தன. கி.மு. 586இல் பாபிலோனியர் ஊரைக் கொளுத்தியபோது ஆவணங்களெல்லாம் எரிந்தன, அவற்றின் மேல் ஒட்டியிருந்த களிமண் வெந்து கல்லாகிவிட்டது. அதில் ஒன்றில் பேர் தெளிவாக இருக்கிறது: கெமரியா, சாப்பானின் மகன். அறை கொடுத்தவர்.

பாருக்கின் முத்திரையும் கிடைத்தது, தோண்டிய குழியில் அல்ல, பழம்பொருள் சந்தையில். 1970களில் ஒன்று, பிறகு இன்னொன்று. நேரியாவின் மகன், எழுத்தர் என்று எழுதியிருந்தது. இரண்டாவதின் ஓரத்தில் விரல் ரேகைகூட இருந்தது. பாருக்கின் கைரேகை என்று கொண்டாடினார்கள். 2014இல் இரண்டையும் நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வாளர்கள் இரண்டுமே நம் காலத்துப் போலி என்று எழுதினார்கள். அறை கொடுத்த கெமரியாவுக்கு அசல். இரண்டு தடவை எழுதிய பாருக்குக்கு, பேர் தெரியாத எவனோ ஒருவனின் பெருவிரல்.